எண்ணூர்க் கழியும் இரண்டாண்டுப் படிப்பும்

சுற்றுச்சூழல் அறிவியல் என்னும் இரண்டாண்டுப் பட்டப் படிப்பு நம் நாட்டில் தோன்றி வளர்ந்த வரலாற்றைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் அப்படிப்பைப் படித்தவன். பல ஆண்டுகளாக அதைக் கற்பித்தும் வருகிறேன். ஆயினும் அதன் வரலாற்றை நூலகத்திலிருந்து தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நான் பிறந்தது இராயபுரம். அங்கிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரைக்கும் ஏறக்குறைய ஒன்பது கல் தொலைவு இருக்கும். அந்த ஒன்பது கல் நிலத்துக்குள்ளேயே அப்படிப்புக்கு உரிய பாடங்களில் பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி 1856ஆம் ஆண்டு இராயபுரம் நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. அந்நிலையத்தின் தூண்களைக் காட்டிப் பெருமை பேசுவது எங்கள் ஊராரின் வழக்கம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் என் இளமை நினைவில் முதலில் நிற்பது தூண்கள் அல்ல, கரித்தூள். என் தந்தையார் துறைமுகத்தில் சரக்கிறக்கும் தொழிலாளி. வெளுத்த வேட்டியைக் காலையில் கொடியில் போட்டால் மாலையில் அதைத் திரும்பவும் துவைக்க வேண்டும் என்று என் தாயார் நொந்துகொள்வார். அக்கரி கப்பலில் வந்து எங்கள் தெருவுக்கு அருகில் மலையாகக் குவிந்திருந்தது. 2011ஆம் ஆண்டில்தான், நீதிமன்றத்தின் ஆணையால், சென்னைத் துறைமுகத்தில் கரியும் இரும்புத் தாதும் கையாளுவது நின்றது. இராயபுரத்தார் மூச்சு விட்டார்கள். கரி எங்கே போயிற்று? வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. ஓரூரின் நிம்மதி அடுத்த ஊரின் சுமையாவது எங்கள் கரையில் புதிதன்று.

அதற்குப் பழைய சான்று மணல். சென்னைக்கு முன்பு துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். மசூலாப் படகுகளில் ஆட்களும் பொதிகளும் அலையைக் கடந்து கரைசேர வேண்டும். இந்த இடர் தீரும்பொருட்டு இரண்டு கற்கரங்களைக் கடலுக்குள் நீட்டி ஒரு செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1875ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் அதற்குக் கல் நாட்டினார். 1881 நவம்பரில் ஒரு பெரும்புயல் வந்து, முடியும் தறுவாயில் இருந்த வேலையை உடைத்தது. மீண்டும் கட்டினார்கள். புயலைக் கண்டு அஞ்சிய அளவுக்கு அவர்கள் மணலைக் கண்டு அஞ்சவில்லை. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன; வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளுகின்றன. ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. அவ்வாறு போய்க்கொண்டிருந்த மணலைத் தென்கரம் மறித்தது. மறிக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்து குவிந்து, இன்று மெரினா என்று உலகம் புகழும் அகன்ற கடற்கரை ஆயிற்று. துறைமுகத்துக்கு வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் தனக்கு வேண்டிய மணலை இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கரையிலிருந்தே எடுத்துக்கொண்டது.

1904இல் துறைமுகப் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர் கிழக்கு நோக்கியிருந்த வாயிலை மூடி வடகிழக்கில் புதுவாயில் அமைத்தார். கரையோர மணல் நடமாட்டத்தை அளந்தும் எழுதினார். துறைமுகம் பிழைத்தது. வடக்கே தெருக்கள் கடலுக்குள் போயின. பாறாங்கற்களை அடுக்கிக் கடலோரச் சுவர் எழுப்பினார்கள். சுவர் முடிந்த இடத்தில் அரிப்புத் தொடங்கிற்று. அங்கும் கற்களை அடுக்கினார்கள். தென்சென்னையார் மாலையில் காற்று வாங்கும் மணலில் எங்கள் பாட்டன்மார் குடியிருந்த தெருவும் கொஞ்சம் இருக்கிறது என்று நான் என் மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதில் விஞ்ஞானப் பிழை ஒன்றுண்டு. மெரினாவின் மணல் எங்களிடமிருந்து போனதன்று. எங்களுக்கு வராமல் நின்றது. ஆனால் வேடிக்கையை யாரும் மறப்பதில்லை, பாடத்தை மறந்துவிடுகிறார்கள்.

திருவொற்றியூர் என்ற பெயருக்குத் தலபுராணம் ஒரு விளக்கம் கூறும். ஊழி வெள்ளம் சூழ்ந்தபோது இறைவன் அதனை ஒற்றி விலகச் செய்தான். ஆகவே ஒற்றியூர் என்பர். கடல் விலகியதால் பெயர் பெற்ற ஊரில் கடல் நெருங்கி வருவதை நான் இளமையில் கண்ணாரக் கண்டேன். பட்டினத்தார் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கடல் எத்தனை அடி வந்திருக்கிறது என்று பார்ப்பது எங்களுக்கு ஒரு பழக்கமாக இருந்தது.

இனி ஆலைகளுக்கு வருவோம். எண்ணூரில் நாற்பதுகளின் இறுதியில் மோட்டார்த் தொழிற்சாலை வந்தது. திருவொற்றியூரில் ஐம்பதுகளில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1969இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அதனை அடுத்து உர ஆலையும் பிற இரசாயன ஆலைகளும் வந்தன. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டவை இவை என்பதை மறுத்தால் நான் நன்றி மறந்தவன் ஆவேன். ஆயினும் இன்னொரு கணக்கையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1974இல். காற்றுக்கான சட்டம் 1981இல். தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982இல். போபாலில் 1984 டிசம்பரில் நிகழ்ந்த பெருந்துயரத்துக்குப் பிறகு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1986இல். புகைபோக்கி எழுந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே புகையை அளப்பதற்கு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளை உருவாக்கும் படிப்பு அதற்கும் பின்னர் வந்தது.

படிப்பு பிறந்த கதையை ஒரு பெயர் மாற்றம் நன்றாகக் காட்டும். தொடக்கத்தில் இத்துறைக்குப் பொதுச் சுகாதாரம் என்றே பெயர். கிண்டியில் 1899இல் கிங் நிலையம் தோன்றியது அம்மைப்பால் தயாரிப்பதற்காக. கல்கத்தாவில் 1932இல் அகில இந்தியப் பொதுச் சுகாதார நிலையம் தோன்றியது. 1958இல் நாகபுரியில் மத்திய அரசு ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியபோது அதற்கு மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் என்று பெயரிட்டது. குடிநீர், சாக்கடை, காலரா ஆகியவையே அக்காலத்துக் கவலைகள். அதே நிலையம் 1974இல் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் மாறிற்று. இடையில் நடந்தது என்ன? 1962இல் அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் அம்மையார் பூச்சிமருந்துகளைப் பற்றி எழுதிய நூல் உலகை உலுக்கியது. 1967இல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகம் சுற்றுச்சூழல் அறிவியலுக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கியது. 1972 ஜூன் மாதத்தில் ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகளின் மாநாடு கூடியது. நம் பிரதமர் இந்திரா காந்தி அங்கே சென்று பேசினார். நோயைத் தேடிச் சென்ற கண்கள் நோய் பிறக்கும் இடத்தைத் தேடத் தொடங்கின.

எழுபதுகளில் புதுதில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இத்துறை வேரூன்றிற்று; பிற பல்கலைக்கழகங்கள் பின்தொடர்ந்தன. பொதுமக்கள் கவனத்துக்கு இது வந்தது உச்சநீதிமன்றத்தால். எம். சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22ஆம் நாள் அந்நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. திரைப்பட அரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய படங்களைக் காட்ட வேண்டும். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அது கட்டாயப் பாடமாக வேண்டும். வானொலியும் தொலைக்காட்சியும் நாள்தோறும் சில நிமிடங்களை அதற்கு ஒதுக்க வேண்டும் என்பது அவ்வாணையின் சாரம். நான் இந்த ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருப்பதற்கும் அவ்வாணைக்கும் ஏதோ தூரத்து உறவு இருக்கலாம்.

1996ஆம் ஆண்டு நான் எம். எஸ்ஸி. வகுப்பில் சேர்ந்தேன். வேதியியலில் பட்டம் பெற்றவனுக்கு இது என்ன படிப்பு, வேலை கிடைக்குமா என்று என் தந்தையார் கேட்டார். எனக்கும் விடை தெரியாது. நான்கு பருவங்கள். உயிர்ச்சூழலியல், நீர் வேதியியல், நுண்ணுயிரியல், நச்சியல், புள்ளியியல், சட்டம், வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு நிலத்தை ஆராய்தல் என்று எல்லாத் துறைகளிலிருந்தும் ஒவ்வொரு கைப்பிடி அள்ளிப் போட்டது போல இருக்கும். தூய வேதியியல் மாணவர்கள் எங்களைக் கண்டு சிரிப்பார்கள். கடைசிப் பருவம் முழுவதும் ஆய்வேடு. எல்லாம் கலந்த அக்கலவை ஏன் தேவை என்பது ஆய்வேடு எழுதும்போதுதான் விளங்கும்.

அப்படிப்பின் அரிச்சுவடி என்று நான் கருதுவது ஒரு கண்ணாடிக் குப்பி. முந்நூறு மில்லிலிட்டர் கொள்ளும். தேய்த்துப் பொருத்திய கண்ணாடி மூடி உண்டு. காற்றுக்குமிழி புகாமல் ஆற்றுநீரை அதில் நிரப்பி, மாங்கனீசு உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்த்தால் ஒரு வீழ்படிவு தோன்றும். நீரில் பிராணவாயு கரைந்திருந்தால் அது பழுப்பாக இருக்கும். பிராணவாயு அறவே இல்லையெனில் வெண்மையாக இருக்கும். பிறகு அமிலம் ஊற்றி, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மாவுக் கரைசலின் நீலம் மறையும் புள்ளியில் நிறுத்திக் கணக்கிட வேண்டும். ஹங்கேரி நாட்டு விங்க்ளர் என்பவர் 1888இல் கண்ட முறை இது. இருபது பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஒன்பது மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். முப்பது பாகையில் ஏழரைதான் தாங்கும். வெந்நீர் ஊற்றினால் மீனுக்கு இரட்டைக் கேடு என்பது இதனால் விளங்கும்.

இதனோடு சேர்ந்த இன்னொரு சோதனையின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தமானது. நீரில் உள்ள கழிவை நுண்ணுயிர்கள் தின்னும்போது எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று பார்ப்பதே அச்சோதனை. நீரைக் குப்பியில் அடைத்து ஐந்து நாள் இருட்டில் வைப்பார்கள். ஏன் ஐந்து நாள்? இங்கிலாந்தில் 1898 முதல் 1915 வரை கழிவுநீரைப் பற்றி ஆராய்ந்த அரச ஆணைக்குழு இருந்தது. அதன் எட்டாவது அறிக்கை 1912இல் வந்தது. அந்நாட்டு ஆறுகள் குட்டையானவை. எந்த ஆற்றில் விழுந்த அழுக்கும் ஐந்து நாளுக்குள் கடலைச் சேர்ந்துவிடும் என்ற எண்ணமே ஐந்து நாளுக்குக் காரணம் என்று ஆசிரியர்கள் கூறுவது மரபு. அந்நாட்டுக் கோடை வெப்பத்தை ஒட்டி ஏறக்குறைய இருபது பாகையும் வகுக்கப்பட்டது. தேம்ஸ் நதிக்குத் தைத்த சட்டையை நம் நாட்டு ஆறுகள் பல ஆண்டுகள் அணிந்திருந்தன. 1990களில்தான் நம் தர நிர்ணயம் அதனை இருபத்தேழு பாகையில் மூன்று நாள் என்று மாற்றிற்று. வெப்பத்தைத் திருத்தினோம். ஆனால் கடலைச் சேராமல் அங்கேயே நிற்கும் நீருக்கு எத்தனை நாள் என்று யாரும் வகுக்கவில்லை.

எண்ணூர்க் கழி அத்தகையது. மேற்கிலிருந்து கொசஸ்தலை ஆறு வருகிறது. வடக்கேயும் தெற்கேயும் பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. பாசில் காக்ரேன் என்ற வணிகர் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாயே அதன் முதற் பகுதி. விறகும் உப்பும் அதன் வழியே நகரத்துக்கு வந்தன. பிற்காலத்தில் அதே கால்வாய் மணலியின் கழிவைக் கழிக்குக் கொண்டுவந்தது. கழியின் வாயில் மணற்றிட்டு வளர்ந்து கடலை மறிக்கும். மறித்தால் உள்ளே இருக்கும் நீர் உள்ளேதான்.

என் ஆய்வேடு அக்கழியைப் பற்றியது. காட்டுக்குப்பத்தைச் சேர்ந்த ஒரு முதியவர் தம் படகில் என்னை ஏற்றிக்கொண்டு சென்றார். கொடுவாய், மடவை, இறால், நண்டு ஆகியவை எங்கே, எம்மாதத்தில் கிடைக்கும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். நீரோட்டத்தை அவர் வெள்ளம் என்பார். முதல் நாள் நான் என் குப்பிகளை எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்குப் போய் நின்றேன். அவர் சிரித்தார். "பத்து மணி கடிகாரத்துக்குத்தான், தம்பி. கழிக்கு ஏற்றமும் வற்றமுந்தான் மணி" என்றார். ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வரும். அப்போது எடுத்தால் நீர் தெளிவாக இருக்கும். வற்றத்தில் கால்வாயின் நீர் இறங்கி வரும். அப்போது எடுத்தால் அதன் நிறமே வேறு. ஓரிடத்தில், ஒரே நாளில், என் குப்பிகள் இரண்டு வெவ்வேறு ஆறுகளைக் காட்டின. ஆய்வேட்டில் இரண்டையும் பக்கத்துக்குப் பக்கம் எழுதினேன். என் பேராசிரியர் அப்பக்கத்தைத்தான் மெச்சினார்.

1998இல் பட்டம் வந்தது. வேலையும் உடனே வந்தது. புதிய ஆலைகள் சுற்றுச்சூழல் விளைவுகளை முன்கூட்டி மதிப்பிட்டு அறிக்கை தரவேண்டும் என்று 1994இல் விதி வந்திருந்தது. அவ்வறிக்கைகளைக் கூலிக்கு எழுதித் தரும் நிறுவனங்கள் எழுந்திருந்தன. அத்தகைய ஒன்றில் சேர்ந்தேன். ஆலை ஒன்றின் விரிவாக்கத்துக்காகக் கழியின் நீரைச் சோதிக்க என்னை அனுப்பினார்கள். எந்த நாட்களில், எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்று தாளில் எழுதியே கொடுத்தார்கள். ஓத அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அனைத்தும் ஏற்றம். நான் ஒன்றும் கேட்கவில்லை. குப்பிகள் அழகிய எண்களைத் தந்தன. அவற்றின் கீழே கையொப்பமிட்டேன். அவ்வெண்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

1997இல் விதியைத் திருத்தி, மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் நடத்த வேண்டும் என்று சேர்த்திருந்தார்கள். ஆகவே கூட்டம் நடந்தது. மேசைக்குப் பின்னால் அதிகாரிகளும் ஆலைக்காரர்களும் அமர்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் நான். அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை ஒருவர் உரக்கப் படித்தார். வேலை வேண்டும் என்று சிலர் பேசினார்கள். மீன் இல்லை என்று சிலர் பேசினார்கள். பிறகு அந்த முதியவர் எழுந்தார்.

"ஐயா, இது எந்த நேரத்துத் தண்ணீர்? ஏற்றத்தில் எடுத்ததா, வற்றத்தில் எடுத்ததா?"

அதிகாரி எங்கள் நிறுவனத் தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, "காலை பத்து மணிக்கு எடுத்தது" என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே என் வாய் உலர்ந்துவிட்டது. அவர் என்னை நன்றாகப் பார்த்தார். என்னைத் தெரியும் என்று அவர் சபையில் காட்டிக்கொள்ளவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய கேள்வி குறிப்பேட்டில் ஏறிற்று. என் விடையும் ஏறிற்று. விரிவாக்கம் நடந்தது.

அன்றே வேலையை உதறினேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். தங்கையின் திருமணக் கடன் இருந்தது. இன்னும் ஒன்றரை ஆண்டு அங்கேயே இருந்தேன். பிறகு ஆசிரியர் வேலை கிடைத்தது.

அதன்பின் கழிக்கு வந்தவற்றை விரிவாகச் சொல்ல நேரம் இல்லை. 1994 முதல் இயங்கிய வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழம்பு குழாய்களில் ஒழுகிக் கழியின் ஆழத்தைக் குறைத்தது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் இட்டபோது மணலி 76.32 பெற்றது, எழுபதைத் தாண்டினால் மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி என்று பொருள். மதிப்பெண் கூடினால் தோல்வி என்ற தேர்வு அது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது அதை வாளிகளால் அள்ளினார்கள். அவ்வாண்டிலேயே பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. கழியிலுள்ள சாம்பலை அகற்ற வேண்டும் என்று 2022இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. காட்டுக்குப்பத்து மீனவர் தொடுத்த வழக்கின் பயன் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிக்குள் வந்தது. அலையாத்தி மரங்களின் வேர்களில் அது அப்பிக் கிடந்ததை நானே கண்டேன். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் நிபுணர் குழுக்களின் அறிக்கைகள் உண்டு. அவ்வறிக்கைகளைப் படிக்கும்போது என் கண் முதலில் தேடுவது நீர் எடுத்த நேரத்தை.

என் மாணவர்களை ஆண்டுதோறும் அங்கே அழைத்துச் செல்கிறேன். முதியவர் காலமாகிவிட்டார். அவர் மகன் இயந்திரப் படகில் எங்களை ஏற்றிச் செல்கிறார். எங்கள் துறை அச்சிட்டுத் தரும் பதிவேட்டில் தேதி, நேரம், வெப்பநிலை ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. ஓதத்துக்குக் கட்டம் இல்லை. மாணவர்கள் அளவுகோலை வைத்துக் கோடு போட்டு ஒரு கட்டம் சேர்த்துக்கொள்கிறார்கள். சென்ற பங்குனியில், கால்வாய் கழியைச் சேரும் இடத்தில், ஒரு மாணவி நிரப்பிய குப்பியில் வீழ்படிவு வெண்மையாகவே நின்றது. தன் கைப்பிழையோ என்று அப்பெண் அஞ்சினாள். மறுபடியும் நீர் எடுக்கச் சொன்னேன். படகுக்காரர் விசையை நிறுத்திக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். இரண்டாவது குப்பியும் வெண்மையாகவே இருந்தது. அவள் பதிவேட்டை முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு எழுதினாள்: காலை 6.40, வற்றம்.